ஒளிக்கு ஒரு முத்திரைப் படி

7 அங்குல நீளமும் மூன்றரை அங்குல அகலமும் கொண்ட தடித்த அட்டை ஒன்று. அதன்மேல் அருகருகே ஒட்டப்பட்டு, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு யாதொரு பேதமும் இல்லாதனபோல் தோன்றும் இரண்டு புகைப்படங்கள். அந்த அட்டையைச் செருகுவதற்குக் கம்பிக் கவ்விகள் வைத்த ஒரு குறுக்குச் சட்டம். சட்டம் முன்னும் பின்னும் நகர்வதற்கு ஒரு மரத்தண்டு. தண்டின் ஒரு முனையில், முகத்தோடு பொருந்துமாறு வளைத்து ஓரத்தில் வெல்வெட் ஒட்டிய ஒரு மறைப்பு. அதனுள்ளே இரண்டு கண்ணாடி வில்லைகள். கீழே பற்றிக்கொள்ள ஒரு பிடி. இவ்வளவுதான் அந்தக் கருவி. இளம்பிராயத்தில் உறவினர் ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லியபடி சட்டத்தை மெல்ல நகர்த்தியபோது, முதலில் இரண்டாகவும் மங்கலாகவும் தெரிந்த ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்து வீதி, ஓர் இடம் வந்ததும் சட்டென்று ஒன்றாகக் கூடி, விளக்குக் கம்பம் என் மூக்குக்கு எதிரே வந்து நிற்க, அதற்குப் பின்னால் குதிரை வண்டியும், அதற்கும் அப்பால் மாதாகோவில் கோபுரமுமாக உள்ளே உள்ளே விரிந்துகொண்டு போனதை நான் இன்றும் மறக்கவில்லை.

அந்த ஆச்சரியம் தணிந்து பல வருஷங்கள் கழிந்த பின்னரே இன்னோர் ஆச்சரியம் மனத்தில் பட்டது. அட்டையை அச்சிட்டவர் ஒருவர், கருவியைச் செய்தவர் வேறொருவர். அவர்கள் ஒருவரையொருவர் கண்டதற்கும் எழுதிக்கொண்டதற்கும் யாதொரு முகாந்தரமும் இல்லை. ஆயினும் அவருடைய அட்டை இவருடைய கவ்வியில் தடையின்றி ஏறியது. அவர் ஒட்டிய படங்களின் இடைவெளி இவர் பதித்த வில்லைகளுக்கு இசைந்தது. சந்தையில் நெல் அளக்கும் வியாபாரியின் படியும் வாங்குகிறவன் வீட்டுப் படியும் ஒத்துப்போவதற்கு அவர்களிடையே இருக்கும் நட்பு காரணமன்று. இரண்டிலும் குத்தியிருக்கும் சர்க்கார் முத்திரைதான் காரணம். அந்த அட்டைக்கும் கருவிக்கும் இடையே அப்படிப்பட்ட ஒரு முத்திரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதைக் குத்தியவர் யார் என்று தேடிக்கொண்டு போனதில் கிடைத்த விருத்தாந்தமே இக்கட்டுரை.

சாதாரணப் படத்துக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை. சுவரில் மாட்டிய சித்திரத்தை எந்தக் கண்ணும் பார்த்துக்கொள்ளும். ஆழத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கும் படமோ, தனக்குரிய உபகரணம் இல்லாவிட்டால் ஊமையாகிவிடுகிறது. எடுப்பவனும் பார்ப்பவனும் முன்கூட்டியே ஓர் அளவில் சம்மதப்பட்டாலன்றி அது பேசுவதில்லை. ஆகவே இத்தகைய படங்களின் சரித்திரத்தைக் கருவிகளின் சரித்திரமாக மட்டும் எழுதுவது பாதி உண்மையே ஆகும்.

1838-ஆம் வருஷம் இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டன் என்பவர், இரண்டு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுவேறான கோணங்களிலிருந்து பார்ப்பதனால்தான் நமக்கு ஆழம் புலப்படுகிறது என்பதை ராயல் சொஸைட்டியில் நிரூபித்தார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது மறு வருஷத்தில்தான் ஆகையால், அவர் ஸ்டீரியோஸ்கோப் என்று பெயரிட்ட தம் கண்ணாடிக் கருவியில் வைத்துக் காட்டியவை கையால் வரைந்த கோட்டுச் சித்திரங்களே. பின்பு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் புரூஸ்டர் 1849-இல் வில்லைகள் வைத்த கையடக்கமான பெட்டி ஒன்றை அமைத்தார். பாரிஸ் நகரத்து ட்யுபோஸ்க் அதைச் செய்து 1851-இல் லண்டன் மகா கண்காட்சியில் வைக்க, விக்டோரியா ராணி அதில் சிரத்தை காட்டினார். அதன் பிறகு அது பிரபுக்களின் கூடத்திலிருந்து சாமான்யர் வீடுவரை பரவியது. பரவிய வேகத்திலேயே குழப்பமும் பரவியது. ஒருவர் கேமராவின் வில்லை ஒரு தூரத்தில் குவிந்தது, மற்றொருவருடையது வேறொரு தூரத்தில். பார்க்கும் பெட்டியிலோ தச்சன் வைத்ததே அளவு. அதனால் ஒரு படத்தில் ஆள் உயரத்துக்குத் தெரிந்த வாசற்படி இன்னொரு படத்தில் பொம்மை வீட்டு வாசற்படியாகத் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் நம் கதையின் முதல் நாயகர் வருகிறார். அவர் யந்திரம் செய்பவரும் அல்லர், வியாபாரியும் அல்லர்; ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் என்ற பெயருடைய வைத்தியர், ஹார்வர்ட் கலாசாலையில் உடற்கூற்று சாஸ்திரம் போதித்தவர், அதற்கெல்லாம் மேலாகக் கட்டுரையாளர். 1859-இல் 'அட்லாண்டிக் மந்த்லி' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, ஸ்டீரியோஸ்கோப்பைப் பற்றிய துதியாகத் தொடங்கி, பொருள்களின் உருவங்களையெல்லாம் இவ்விதம் பிடித்துச் சேர்த்து வைக்கும் மகத்தான நூல்நிலையங்கள் எதிர்காலத்தில் எழும்பும் என்ற கனவில் போய் முடிகிறது. கனவு காண்பவர் எத்தனையோ பேர். ஹோம்ஸின் விசேஷம், அந்தக் கனவு நிறைவேறுவதற்கு என்ன தடை என்பதையும் அதே மூச்சில் கண்டுகொண்டதுதான். வெவ்வேறு தேசத்தில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமானால், கேமரா வில்லையின் குவிதூரத்துக்கு ஒரு நிலையான பிரமாணம், மீட்டர் கோலைப் போன்ற ஒன்று, வேண்டும். பார்க்கும் வில்லையின் ஆற்றலுக்கும் அதுவே அளவாக இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். ஆழப் படங்களுக்குத் தர நிர்ணயம் வேண்டுமென்று இவ்வளவு தெளிவாகக் கேட்ட குரல் அதற்கு முன் ஒன்று இருந்ததாக நான் அறியேன். கேட்டவர் ஓர் எழுத்தாளர் என்பதில் எழுதுகிறவனாகிய எனக்குச் சிறிது கர்வம் உண்டு.

குரல் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. 1861-இல், பெட்டியையெல்லாம் களைந்துவிட்டு, நான் முதலில் வர்ணித்த அந்தப் பிடி வைத்த எளிய கருவியைத் தாமே மரத்தில் செய்தார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. பாஸ்டன் நகரத்து வியாபாரி ஜோஸப் பேட்ஸ் அதைச் சில திருத்தங்களோடு செய்து விற்றார். பின்பு கண்டவர்களெல்லாம் செய்தார்கள். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விடப்பட்டதனாலேயே, செய்தவர் அனைவரும் ஏறக்குறைய ஒரே மாதிரியில் செய்ய வேண்டியதாயிற்று. வேறு அளவில் அட்டை அச்சிட்டவனுக்கு வாங்குவோர் இல்லாமற் போயிற்று. பென்ஸில்வேனியாவில் 1892-இல் தொடங்கிய கீஸ்டோன் கம்பெனியும், அதன் போட்டியாளரான அண்டர்வுட் சகோதரர்களும் லட்சக் கணக்கில் வெளியிட்ட அட்டைகள் அந்த அளவுக்கே கட்டுப்பட்டன. சபை கூடவில்லை, தீர்மானம் நிறைவேறவில்லை, ஒரு மனிதர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார், முத்திரை தானாக விழுந்தது. ஹோம்ஸ் கேட்ட குவிதூரப் பிரமாணம் மட்டும் ஏற்படவே இல்லை.

இதற்கிடையில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சென்னை ராஜதானி சர்க்காரின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களைப் பெரிய அளவில் எடுத்து 1858-இல் வெளியிட்ட தொகுதிகளைச் சரித்திரப் பிரியர்கள் அறிவார்கள். அவற்றோடு மதுரைக்கு ஒன்றும், திருச்சி தஞ்சைப் பிரதேசத்துக்கு ஒன்றுமாக ஸ்டீரியோப் படத் தொகுதிகளையும் அவர் வெளியிட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஹோம்ஸ் தம் கட்டுரையை எழுதுவதற்கு ஒரு வருஷம் முந்தியே நம் தூண்களும் மண்டபங்களும் ஆழத்தோடு பதிவாகிவிட்டன. 1859-இல் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கும் நிலையில் இதெல்லாம் ஆடம்பரம் என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். கணக்குப் பார்ப்பவர்கள் எக்காலத்திலும் அப்படித்தான்.

ஸ்டீரியோ அட்டைக்கு ஒரு குறை உண்டு. குழந்தைகூடச் சில நிமிஷங்களில் அதைக் கண்டுபிடித்துவிடும். விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் மறைந்திருப்பது என்ன என்று பார்க்கத் தலையைச் சாய்த்தால், தலையோடு படமும் சாய்கிறதே தவிர, மறைந்தது மறைந்ததாகவே இருக்கிறது. ஜன்னல் வழியே பார்க்கும்போது அப்படியில்லை. ஓர் அங்குலம் நகர்ந்தால் ஓர் அங்குலத்துக்குரிய புதுக்காட்சி கிடைக்கிறது. காரணம், ஜன்னலின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் எல்லாத் திசைகளிலிருந்தும் கிரணங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அட்டையிலோ இரண்டே இரண்டு புள்ளிகளில் வந்து சேர்ந்தவை மட்டும் பிடிபட்டிருக்கின்றன. ஜன்னலையே படமாக்க முடியாதா?

முடியும் என்று 1908-ஆம் வருஷம் மார்ச் 2-ஆம் தேதி பாரிஸ் விஞ்ஞான அகாடமியில் எழுந்து சொன்னவர் காப்ரியேல் லிப்மன். லக்ஸம்பர்கில் பிறந்தவர், மேரி கியூரி அம்மையாரின் ஆசிரியர், அதே வருஷத்தின் இறுதியில் வர்ணப் புகைப்படத்துக்காக நோபல் பரிசு பெற்றவர். ஈயின் கண்ணைக் கவனித்தால் அது ஒரே கண்ணன்று, ஆயிரக் கணக்கான நுண்ணிய கண்களின் அடுக்கு என்பது தெரியும். அதுபோலவே ஒரு தகட்டின் முகம் முழுவதும் மிகச் சிறிய வில்லைகளை நெருக்கமாகப் பதித்து, பின்புறத்தில் ஒளிபடும் பூச்சைத் தடவி வைத்தால், ஒவ்வொரு வில்லையும் தான் இருக்கும் இடத்திலிருந்து தெரியும் உலகத்தை ஒரு பொட்டளவு பிம்பமாகப் பதித்துக்கொள்ளும். பின்னர் அந்தத் தகட்டுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டால், ஒவ்வொரு கிரணமும் தான் வந்த வழியே திரும்பிச் செல்லும். பார்ப்பவன் எங்கே நின்று பார்த்தாலும் அந்த இடத்துக்குரிய காட்சியே தோன்றும். தனியாகக் கேமராவும் வேண்டாம், முகத்தில் வைத்துக்கொள்ள உபகரணமும் வேண்டாம். லிப்மன் இதற்கு முழுமைப் புகைப்படம் என்ற பொருளுடைய பெயரை வைத்தார்.

எண்ணம் அற்புதமானது, செய்வதற்குத்தான் உலகத்தில் கையில்லை. அத்தனை சிறிய வில்லைகளை அத்தனை நேர்த்தியாக வார்க்கும் வித்தை அன்று எவருக்கும் தெரியாது. 1911-இல் மாஸ்கோவில் ஸோகோலோவ் என்பவர் வில்லைகளுக்குப் பதிலாக ஊசித் துளைகளை வைத்து அந்தத் தத்துவம் மெய்யென்று காட்டினார். வேறொரு விபரீதமும் இருந்தது: கிரணங்கள் வந்த வழியே திரும்புவதால் உருவம் உள்வெளி மாறித் தெரியும், முகத்தின் மூக்கு முன்னே துருத்துவதற்குப் பதிலாக, களிமண் அச்சுக்குழியைப்போல உள்வாங்கி நிற்கும். எடுத்த படத்தையே மறுபடி ஒருமுறை படமெடுத்தால் மாறியது மாறி நேராகும் என்ற உபாயத்தை அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஐவ்ஸ் காட்டுவதற்கு 1931 ஆகிவிட்டது. லிப்மன் அதற்குள் காலமாகிவிட்டார். 1921-இல் கனடாவிலிருந்து திரும்பி வருகையில் கப்பலிலேயே உயிர் நீத்தார்.

பின்பு சுமார் அரை நூற்றாண்டுக் காலம் விஷயம் கணிதத்தில் வளர்ந்தது. ஆந்த்ரேய் கெர்ஷுன் எழுதி 1936-இல் மாஸ்கோவில் வெளிவந்த நூல், வெளி முழுவதும் நிறைந்து கிடக்கும் ஒளியை ஒரு புலமாகக் கருதி, ஒளிப்புலம் என்ற பெயரை நிலைநாட்டியது. 1991-இல் எடெல்ஸன், பெர்கன் என்ற இருவர், உலகத்தில் காணக்கூடியதெல்லாம் ஏழே ஏழு எண்களில் அடங்கும் என்று கணக்கிட்டார்கள்: நிற்கும் இடத்துக்கு மூன்று, நோக்கும் திசைக்கு இரண்டு, நிறத்துக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று. 1996-இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த லிவாய், ஹான்ராஹன் இருவரும், அதே சமயத்தில் கோர்ட்லர் முதலிய வேறு நால்வரும், தடையில்லாத வெளியில் ஓடும் ஒரு கிரணத்தைக் குறிக்க நான்கு எண்கள் போதும் என்று காட்டினார்கள். ஒரு ஜன்னல் கண்ணாடியையும், அதற்குச் சற்று முன்னால் கட்டிய கொசுவலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். வலையின் எந்தக் கண் வழியாகப் புகுந்தது, கண்ணாடியின் எந்தப் புள்ளி வழியாக வெளியேறியது என்று சொல்லிவிட்டால் கிரணத்தின் ஜாதகம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

தெரிந்துவிடுகிறது, ஆனால் எழுதி மாளாது. 1999-இல் லிவாய் குழுவினர் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து மெடிசி கோவிலில், மைக்கேலாஞ்சலோ செதுக்கிய 'இரவு' என்ற பெண் சிலையின் ஒளிப்புலத்தைப் பதிவு செய்தபோது எடுத்த படங்கள் 24,304. ஒரே சிலைக்கு! அடக்கி எழுதும் முறை ஒன்று இல்லாவிட்டால் ஒளிப்புலம் என்பது ஏட்டுச் சுரைக்காயே என்பது அப்போதே தெளிவாயிற்று. 1996-இல் வந்த கட்டுரையிலேயே அவர்கள் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கும் உபாயத்தையும் சேர்த்து வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அது அவர்கள் உபாயம், அவர்கள் கோப்பு, அவர்கள் கணினி.

லிப்மனின் கனவு கையில் பிடிக்கும் பொருளாக வந்தது அதே ஸ்டான்போர்டின் மாணவர் ரென் இங் மூலமாக. சாதாரணக் கேமராவின் உணர்தகட்டுக்கு முன்னால் நுண்வில்லைகளின் அடுக்கு ஒன்றை வைத்து, படம் எடுத்த பிறகு குவியத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று 2005-இல் காட்டியவர், லைட்ரோ என்ற கம்பெனியை நிறுவி, 2011 அக்டோபரில் சதுரக் குழல்போன்ற ஒரு சிறிய கேமராவை அறிவித்தார். அதன் விலை 399 டாலர். ஒரு படத்தில் 1 கோடியே 10 லட்சம் கிரணங்கள். 'உயிருள்ள படங்கள்' என்று அவற்றுக்குப் பெயர். முன்னால் இருக்கும் பூவைத் தொட்டால் பூ தெளிவாகும், பின்னால் இருக்கும் மலையைத் தொட்டால் மலை தெளிவாகும். உயிர் அந்தக் கம்பெனியின் கோப்பு முறைக்குள்ளும் அதன் வலைத்தளத்துக்குள்ளும் அடங்கியிருந்தது. கோப்பின் அமைப்பு வெளியிடப்படாமையால், ஆராய்ச்சியாளர்களுக்காக அதை ஆராய்ந்து பிரித்துக் கொடுக்கும் வேலையை ஆஸ்திரேலியாவில் டொனால்ட் டான்ஸரோ என்பவர் வெளியிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. 2017-இன் இறுதியில் வலைத்தளத்தில் படங்களைக் காட்டும் வசதி நின்றது. 2018 மார்ச்சில் கம்பெனியே மூடப்பட்டது. ஹோம்ஸின் மரக்கருவி பிறந்து 157 வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கான அட்டைகள் அப்போதும் பழைய சாமான் கடைகளில் விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. லைட்ரோவின் படங்களுக்கு வயது ஆறு.

இனி சபைகளின் கதைக்கு வருவோம். ஜேபெக் என்ற பெயரை இன்று கைப்பேசி வைத்திருக்கும் சிறுவனும் அறிவான். அது புகைப்பட நிபுணர்களின் கூட்டுக் குழு ஒன்றின் பெயர்ச்சுருக்கம் என்பதைப் பெரும்பாலோர் அறியார். 1986-இல் கூடிய அந்தக் குழுவின் முன் 12 முறைகள் வந்தன. கண்ணால் பார்த்து மதிப்பிடச் செய்த பரிசோதனைகளில் அவை மூன்றாகக் குறைந்து, 1988 ஜனவரியில் ஒன்றாயின. வென்ற முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக எழுதி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளைக் கழித்துவிடுவது. அதற்கு ஆதாரமான கோசைன் மாற்றத்தை 1974-இல் நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து வெளியிட்ட நஸீர் அஹ்மத் பெங்களூரில் பிறந்தவர். இதை ஆராயப் பொருளுதவி வேண்டுமென்று அவர் 1972-இல் அமெரிக்க விஞ்ஞான ஸ்தாபனத்துக்கு விண்ணப்பித்தபோது, விஷயம் மிக எளிது என்று சொல்லித் திருப்பிவிட்டார்களாம். அந்த எளிய விஷயத்தின் மேல்தான் 1992 முதல் உலகத்தின் டிஜிட்டல் புகைப்படங்களில் பெரும்பாலானவை நின்றுகொண்டிருக்கின்றன.

இதே குழு 2015-ஐ ஒட்டி ஒளிப்புலத்தைக் கையில் எடுத்தது. முயற்சியின் பெயர் ஜேபெக் பிளீனோ. நிறைவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. 2017 ஜனவரியில், உங்கள் முறைகளைக் கொண்டுவாருங்கள் என்று குழு அழைப்பு விடுத்தது. அழைத்தவுடனே எழுந்த சங்கடம், எந்தப் படத்தை வைத்து எவரைச் சோதிப்பது என்பதுதான். நெல்லைச் சோதிக்க ஒரு கைப்பிடி நெல் போதும். ஒளிப்புலமோ எடுத்த கருவிக்கு ஒரு ஜாதியாக இருக்கிறது. நுண்வில்லைக் கேமரா எடுத்தது ஒன்று. வரிசையாக நிறுத்திய பல கேமராக்கள் எடுத்தது ஒன்று. தண்டவாளத்தில் ஒரே கேமராவை நகர்த்தி எடுத்தது ஒன்று. கணினியே கற்பனையாய் உண்டாக்கியது இன்னொன்று.

நுண்வில்லை வகைக்கு ஸ்விட்ஜர்லாந்தின் லொஸான் நகரத்து தொழில்நுட்பக் கலாசாலை எடுத்து வைத்திருந்த படங்கள் உதவின. வரிசையாக நிறுத்திய சைக்கிள்கள். 'மரண அபாயம்' என்று பிரெஞ்சில் பெயரிட்ட காட்சி. வெளியில் நிற்கும் கல் தூண்கள். நீரூற்றின் அருகே ஒரு மனிதர். இத்துறையில் உழைப்பவர்கள் அந்தச் சைக்கிள்களைத் தங்கள் வீட்டுச் சைக்கிளைக் காட்டிலும் அதிக நேரம் உற்றுப் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு படமும் உண்மையில் குறுக்கே 15, நெடுக்கே 15 ஆக 225 சிறு படங்களின் அடுக்கு. ஒவ்வொன்றும் 625-க்கு 434 புள்ளிகள். மொத்தம் 6 கோடியே 10 லட்சம் புள்ளிகள். ஓரத்தில் இருப்பவை வில்லையின் விளிம்பில் இருட்டிப் போவதால், அவற்றை ஒதுக்கிவிட்டு நடுவிலுள்ள 169-ஐ மட்டும் சோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்துப் படங்களுக்கிடையே சைக்கிளின் கைப்பிடி மயிரிழைதான் நகர்ந்திருக்கும். சுருக்குகிறவனுக்கு அந்த மயிரிழை வித்தியாசமே மூலதனம். பார்வையாளர் முன்னே அந்தச் சிறு படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, சுருக்குவதற்கு முன்னும் பின்னும் ஒத்திருக்கிறதா என்று மார்க் போடச் செய்தார்கள்.

அந்த லொஸான் படங்களை எடுத்த கேமரா, லைட்ரோ கம்பெனி 2014-இல் 'இலும்' என்ற பெயரில் வெளியிட்டது. தன் முறையைப் பூட்டி வைத்து மாண்டுபோன கம்பெனியின் கண்ணால் எடுத்த படங்களே, யாவருக்கும் திறந்த முறை ஒன்றை நிர்ணயிப்பதற்கு உரைகல் ஆயின.

முடிவில் குழு ஒரே முறையைத் தேர்ந்துகொள்ளவில்லை, இரண்டை ஏற்றது. முதலாவது, பிரேஜில் நாட்டு ரியோ சர்வகலாசாலையார் வளர்த்தது: பழைய கோசைன் மாற்றத்தையே இரண்டு பரிமாணங்களிலிருந்து நான்குக்கு நீட்டி, கிரணக் கட்டங்களைப் பதினாறு பதினாறு கிளையாகப் பிரிந்துகொண்டே போகும் மரமாக எழுதுவது. பெங்களூர்க்காரரின் எளிய விஷயம் இங்கும் பின்தொடர்ந்து வந்துவிட்டது. இரண்டாவது, பின்லாந்தின் டாம்பெரே நகரத்தாருடையது: சில பார்வைகளை மட்டும் முழுதாக எழுதி, பொருள்களின் தூரத்தைக் குறித்துக்கொண்டு, மற்றப் பார்வைகளை அவற்றிலிருந்து ஊகித்துக்கொள்வது. பார்வைகள் நெருங்கியிருக்கும் நுண்வில்லைப் படத்துக்கு முதலாவது நன்று. கேமராக்கள் தள்ளித் தள்ளி நிற்கும் படத்துக்கு இரண்டாவது நன்று. இது ராஜி என்று குறை சொன்னவர் உண்டு. எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. எண்ணெய்க்கும் நெல்லுக்கும் ஒரே படியைக் கட்டாயப்படுத்தும் சந்தையை எவரும் மெச்சுவதில்லை. ஐஎஸ்ஓ/ஐஇசி 21794 என்ற இலக்கத்தின் கீழ் முதற்பகுதி 2020-இலும், ஒளிப்புலத்துக்குரிய இரண்டாம் பகுதி 2021-இலும் அச்சேறின.

சகோதரக் குழுவான எம்பெக் அசையும் படங்களுக்காக 23090 என்ற இலக்கத்தில் வேறொரு தொகுதியைத் தொடங்கியது. பார்ப்பவன் உட்கார்ந்த இடத்தில் தலையைத் திருப்பலாம், எழுந்து நடக்கக் கூடாது என்ற நிலைக்குரிய நியமம் 2019-இல் வந்தது. சிறிது அசைந்து கொடுக்கலாம் என்னும் சலுகையோடு கூடியது 2023-இல் வந்தது. தாராளமாக நடந்து திரிவதற்குரிய நியமங்கள் இன்னும் பகுதி பகுதியாக வந்துகொண்டிருக்கின்றன. காட்சிக்குள்ளேயே நிற்க வேண்டும் என்ற இந்த ஆசையும் புதிதன்று. 1787-இல் எடின்பரோவில் ராபர்ட் பார்க்கர் காப்புரிமை பெற்ற வட்டச் சித்திர மண்டபம், பார்ப்பவனைச் சுற்றிலும் காட்சியை நிறுத்தியது. 1800-இல் லண்டனில் கெர் போர்ட்டர் தீட்டிக் காட்டிய ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை அதன் வழிவந்த சித்திரங்களில் பிரசித்தமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சித்திரத் துணிகள் ஊர் விட்டு ஊர் சென்று தொங்க வேண்டியிருந்ததால், மண்டபம் கட்டிய கம்பெனிகள் அவற்றின் உயரத்தையும் சுற்றளவையும் ஏறக்குறைய ஒன்றாக வைத்துக்கொண்டன. எட்வர்ட் காஸ்ட்ர் 1881-இல் ஜெனீவாவுக்காகத் தீட்டிய போர்பாகி சித்திரம் லூஸெர்ன் நகரத்து மண்டபத்துக்குக் குடிபெயர்ந்து இன்றும் அங்கே தொங்குகிறது.

சபைகள் மெதுவாக நடக்கின்றன, கலை ஓடிவிடுகிறது என்று ஆட்சேபிப்பவர்களுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிளீனோவின் முதற்பகுதி வெளிவந்த அதே 2020-இல், சில படங்களைக் கொடுத்தால் இடையிலுள்ள பார்வைகளையெல்லாம் கற்றுக்கொண்டு தானே தீட்டும் நெர்ஃப் என்ற முறை தோன்றிவிட்டது. 2023-இல் பிரான்ஸிலிருந்து, மங்கலான ஒளித்துளிகளை லட்சக் கணக்கில் தெளித்துக் காட்சியை உண்டாக்கும் வேறொரு முறை வந்து அதையும் பின்தள்ளியது. இவற்றுக்கு என்ன பிரமாணம் வகுப்பது என்று குழுக்கள் மறுபடி ஆராயத் தொடங்கியிருக்கின்றன. ஆயினும் மெதுவானதெல்லாம் வீணானது என்று சொல்வதற்கில்லை. இரு கண் வீடியோவுக்கென்று 2014-இல் முடிவான நியமம் கேட்பாரற்று ஒன்பது வருஷம் ஏட்டில் கிடந்தது. 2023-இல் ஆப்பிள் கம்பெனி தன் கைப்பேசியில் ஆழமுள்ள வீடியோ எடுக்கும் வசதியைச் சேர்த்தபோது எடுத்தாண்டது அதைத்தான். எவருக்கும் தேவையில்லாதபோது வார்த்து வைத்த படியே, அறுவடை வந்ததும் கைக்கு உதவியது. வியூமாஸ்டர் என்ற குழந்தைகளின் விளையாட்டுக் கருவிக்கு 1939-இல் வகுத்த வட்டின் அளவு மாறவேயில்லை. ஏழு ஜோடிப் படங்கள் கொண்ட அந்தக் காலத்து வட்டு, பேரக் குழந்தையின் கருவியிலும் ஏறிச் சுழல்கிறது.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ, ஒரே படத்தை இருமுறை ஒட்டியதுபோல் தோன்றும் 7 அங்குல அட்டை அகப்பட்டால், ஒன்று போதாதா என்று எண்ணி நடுவில் கத்தரித்துச் சட்டம் போட்டுவிடாதீர்கள். பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். கருவி இல்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரே சக்தியுள்ள இரண்டு குவிவில்லைகளை வாங்கி, அட்டைக்கும் கண்ணுக்கும் நடுவே பிடித்துச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால் வீதி திறந்துகொள்ளும்.